தோல் சட்டை போட்ட கம்ப்யூட்டர்

பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்தையலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் உதுமான் பாய். பை என்னுடையது. தாதரில் வாங்கியது, அவர் தைத்ததல்ல. உள்ளே இருந்த என் மூக்குக்கண்ணாடியும் ரயில் பாஸும் அவர் மேஜைமேல் விழுந்து கிடக்கின்றன. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கைப்பிடி சேரும் இடத்தைக் கட்டைவிரலால் நெம்புகிறார், ஓரத்தை முகர்கிறார், கடைசியில் வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு திருப்பித் தருகிறார். "நல்லாத்தான் இருக்கு. நமக்கு எதுக்கு?"

இந்த "நமக்கு எதுக்கு" என்பதை அவர் ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறார் என்று எண்ணினால் மயக்கம் வரும். எதிர்க்கடைக்காரர் புது மின்விசிறி மாட்டினால் போய் அதன் கீழே நின்று காற்று வாங்கிவிட்டு வந்து சொல்வார். டீக்கடையில் புது கெட்டில் வந்தால் டீயைக் குடித்துவிட்டுச் சொல்வார். பருவமழை தாராவியை விட்டுவிட்டு முதலில் செம்பூரில் பெய்தால்கூட அவர் முகம் சுண்டிப்போகும்.

நாங்கள் மாதுங்காக்காரர்கள் வேறு மாதிரி. பொறாமையை அயர்ன் பண்ணி மடித்து அலமாரியில் வைத்துக்கொள்வோம். பக்கத்து ஃபிளாட்டில் கார் வாங்கினால் "ரொம்ப சந்தோஷம்" என்று கைகுலுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகு மனைவியிடம் கொட்டுவோம். உதுமான் பாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. தெருவிலேயே கொட்டிவிடுவார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய கார்கானா, தோல்பை தைக்கும் பட்டறை. நாலு தையல் மிஷின், சுவரோடு சாய்ந்து நிற்கும் தோல் சுருள்கள், மூக்கில் ஏறி உட்காரும் சொல்யூஷன் வாடை. ஓரமாக ஓர் இரும்பு ஏணி. அதில் ஏறினால் வீடு. பூர்வீகம் மேலப்பாளையம் என்றாலும் அவர் பிறந்து வளர்ந்தது தாராவிதான். ஆனாலும் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. நடுநடுவே பம்பாய் இந்தி வந்து கலந்துகொள்ளும். வயது அறுபதை நெருங்குகிறது. நகக்கண்ணில் பசை காய்ந்திருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குத்தூசி இருக்கும்.

அவருக்கு உலகத்தின்மேல் இருக்கிற பொறாமையெல்லாம் சில்லறை. மொத்தமாக ஒருவர்மேல் வைத்திருக்கிறார். மனைவி ஹபீபாவின் தம்பி ஜெயினுலாப்தீன். இதே சந்தில் ஜிப்பும் பக்கிளும் விற்க ஆரம்பித்தவர், இன்று செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருக்கிறார். வீட்டுக் கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டீவி. நல்ல மனுஷர். மச்சான் மச்சான் என்று உயிரை விடுவார். உதுமான் பாய்க்கு அதுவும் ஒரு குறைதான். "கெட்டவனா இருந்தா திட்டிட்டுப் போயிரலாம் சார். இவன் நல்லவனால்லா இருக்கான்!"

கார்கானாவின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஃபோர்ட் பக்கத்தில் ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக்கட்டியதை குர்லாவில் ஒரு கடைக்காரர் துடைத்து, பழைய மிஷின் என்பதால் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு இவருக்குத் தந்தார். பில் போடவும், பையின் படம் வரையவும் அது போதும். தோல்தூள் உள்ளே போகக்கூடாதென்று அந்தப் பெட்டிக்கு உதுமான் பாய் தன் கையாலேயே ஓர் உறை தைத்திருக்கிறார். ஆட்டுத்தோல், ஓரமெல்லாம் உருட்டித் தைத்த பைப்பிங், பொத்தானை அமுக்க முன்னால் ஒரு சின்ன ஜன்னல். வயர் போகும் துளைக்குக்கூடப் பித்தளை வளையம் அடித்திருப்பார். வருகிறவர்களிடம் காட்டி, "ஜைனுல் டீவிக்குச் சட்டை இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்று நாம் சொல்லவேண்டும்.

மகள் பரீஹா கல்யாணமாகி ஷார்ஜா போனதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீடியோ அனுப்புகிறாள். வந்து விழுவது ஹபீபாவின் போனில். ஹபீபாவுக்கு ஒரு கண்ணில் புரை. சின்னத் திரையைப் பார்த்தால் தலை வலிக்கும். உதுமான் பாயிடம் இருப்பது பொத்தான் போன். ஆகவே ஒயரைச் செருகி வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஜெயினுல் அந்தப் பெரிய டீவியை வாங்கினார். "அமுக்கி அனுப்பாத புள்ள, முழு கிளியரா அப்படியே அனுப்பு, நம்ம டீவில மஸ்தா தெரியும்" என்று பரீஹாவிடம் சொன்னார். அவளும் புதுப் போனில் எடுத்ததை எடுத்தபடியே அனுப்பத் தொடங்கினாள். அன்றிலிருந்து உதுமான் பாயின் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

ஒருநாள் அதை எனக்குப் போட்டுக் காட்டினார். பரீஹா அடுக்களையில் நின்று ஏதோ சொல்கிறாள். குரல் ஓடுகிறது, முகம் நொண்டுகிறது. அவள் சிரிப்பது காதில் விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரையில் பல் தெரிகிறது. ஃபிரிட்ஜைத் திறக்கப்போனாள், கை கதவில் இருக்கும்போதே படமும் சத்தமும் உறைந்துபோய்விட்டன.

"பாத்தியளா? குரல் முன்னால போவுது, மூஞ்சி பின்னால வருது. அப்புறம் செத்துப்போவுது. எல்லா வீடியோவும் இதே கததான். பாதிக்கு மேல ஒண்ணும் ஓடமாட்டக்கு."

ஹபீபா என்ன செய்வார்? வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் புர்காவை மாட்டிக்கொண்டு செம்பூருக்கு பஸ் ஏறிவிடுவார். தம்பி வீட்டில் உட்கார்ந்து, ஆள் உயரத்தில் மகளைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வருவார். உதுமான் பாய் போகமாட்டார். கூப்பிட்டால், "நமக்கு எதுக்கு?" ஹபீபா திரும்பி வந்ததும் தோலை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் விசாரணை நடக்கும்.

"மெலிஞ்சிருக்காளா?"

"நல்லாத்தான் இருக்கா. நீங்க வந்து பாத்தா என்னவாம்?"

"நான் கேட்டேனா?"

பரீஹா போனில் கூப்பிடும்போதும் இதே நாடகம்தான். "வாப்பா, வீடியோ பாத்தியளா?" என்று அவள் கேட்பது ஸ்பீக்கரில் எனக்கே கேட்டிருக்கிறது. மிஷின் ஓடவில்லை என்று சொல்லலாம் அல்லவா? சொன்னால் ஜெயினுல் வீட்டில் ஓடுகிறதே என்ற பேச்சு வரும். "நமக்கு எங்கம்மா நேரம்? வேலை கெடக்கு" என்று சொல்லிவிடுவார். "சரி வாப்பா" என்பாள். அவள் அதை நம்பிவிட்டாள். அந்தப் பாதி வீடியோவை அவர் தினமும் போட்டு, ஃபிரிட்ஜ் கதவு வரைக்கும் பார்த்துவிட்டு அணைக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

ஜெயினுல் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு மனசாரச் சொன்னார்: "மச்சான், இந்த டப்பாவைத் தூக்கிக் கச்சராவில போடுங்க. நான் புதுசு ஒண்ணு எடுத்துத் தாரேன்." அவர் போனதும் உதுமான் பாய் என்னைப் பிடித்துக்கொண்டார். "அனந்து சார், நீங்க இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இங்கிலீஷாலேயே சாப்பிட்டவர். இதுல என்ன எழுதியிருக்கான்னு வாசிச்சுச் சொல்லுங்க. அவன் வாங்கித் தார மிஷின்ல எம்மவளப் பாக்க மாட்டேன்."

அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு லினக்ஸும் தெரியாது, அதன் பாட்டனையும் தெரியாது. பழைய கம்ப்யூட்டரில் வீடியோ திக்கினால் என்ன செய்வது என்று ஊர்பேர் தெரியாத பலர் இணையத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். அவர் ஒற்றை விரலால் தட்டினார். வீடியோவில் விளக்கியிருந்தவர்களும் உண்டு. அந்த வீடியோக்களும் திக்கின. ஜன்னல் திறக்கும்போது மங்கி மலரும் அலங்காரங்களை முதலில் நிறுத்தினோம். கூடவே ஓடிக்கொண்டிருந்த வேண்டாத வேலைகளை மூடினோம். எம்பிவி என்று ஒரு சின்ன பிளேயரைப் போட்டோம். கடைசியில் ஓர் இடத்தில், வீடியோவைப் பிரிக்கும் வேலையை முழுக்க பிராசஸரின் தலையில் கட்டாமல் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடு என்று எழுதியிருந்தது. நான் ஓர் எழுத்தைத் தப்பாகச் சொல்லி, அவர் அதை இன்னும் தப்பாகத் தட்டி, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு ஒருவழியாக முடித்தோம்.

பரீஹாவின் கல்யாண வீடியோவைப் போட்டார். வழுக்கிக்கொண்டு ஓடியது. பந்தியில் பிரியாணி வைக்கிற கைகூட இழுபடவில்லை. உதுமான் பாய் என் தோளில் ஓர் அறை விட்டார். வெள்ளிக்கிழமை வீடியோவைப் போட்டார். குரல் முன்னால் போனது, முகம் பின்னால் வந்தது, ஃபிரிட்ஜ் கதவில் செத்தது.

மறுபடி வாசித்தேன். விஷயம் இதுதான்: வீடியோவைச் சுருக்கி மடித்துத்தான் அனுப்புகிறார்கள். புதுப் போன்கள் மடிக்கிற மடிப்பு புது மாதிரி. இந்தப் பழைய சிப்புக்குத் தெரிந்தது பழைய மடிப்பு. அதனால் அது கையை விரித்துவிட, பிராசஸர் ஒற்றையாளாகக் கிடந்து அல்லாடுகிறது. இதற்கு இரண்டு வழி. போனிலேயே பழைய மடிப்பில் எடுக்கும்படி பரீஹாவிடம் சொல்வது ஒன்று. வந்த வீடியோவை இங்கேயே பிரித்துப் பழைய மடிப்பாக மடிப்பது இன்னொன்று.

"அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கோ பாய், போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் தீர்ந்தது" என்றேன்.

என்னை அவர் பார்த்த பார்வையில் தோல் வெந்துவிடும். "எம் மிஷினுக்கு வக்கில்லன்னு நானே எம்மவகிட்ட சொல்லணுமா? மாமன் வீட்டுக்குக் கிளியரா போறது வாப்பன் வீட்டுக்கு மங்கலா வரணுமா? நான் இங்கன மடிச்சுக்கிடுதேன்."

இந்த இடத்தில் என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக் கம்ப்யூட்டர் புதிது. எதைப் போட்டாலும் எண்ணெயில் விட்டாற்போல ஓடும். போடத்தான் ஒன்றும் இல்லை. டொரான்டோவிலிருந்து என் மகன் ஆதர்ஷ் தீபாவளிக்குப் போனில் ஒரு கும்பிடு பொம்மை அனுப்புவான். பொங்கலுக்கும் அதே பொம்மை. வாரா வாரம் அடுக்களையில் நின்று "இதைப் பார்த்தேளா, அதைப் பார்த்தேளா" என்று காட்ட ஒரு பிள்ளை இருந்து, அது ஓடவில்லையே என்று புலம்பும் பாக்கியம் எங்களுக்கு இல்லை. உதுமான் பாய் ஜெயினுலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. மாதுங்காக்காரன் அல்லவா?

மடிப்பை மாற்றும் வேலை தொடங்கியது. மிஷின் கொஞ்ச நேரம் இரைந்தது, பிறகு படக்கென்று தானாக அணைந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் நான் போனபோது உதுமான் பாய் திரையைப் பார்த்து இந்தியில் திட்டிக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு அவருக்குத் தமிழ் போதாது. நான் சும்மா அந்தத் தோல் உறையின்மேல் கையை வைத்தேன். தோசைக்கல்.

"பாய், இது கொதிக்கறது. இந்தச் சட்டையை முதலில் கழற்றுங்கோ. உள்ளே ஃபேன் விடுகிற சூடு வெளியே போக வழி ஏது?"

தோல் வேலைக்காரர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வேறு யாராவது என்றால் பழைய துணியைப் போட்டு மூடியிருப்பார்கள், காற்று புகுந்திருக்கும். இவர் காற்றுகூடப் புகாதபடி இரட்டைத் தையல் போட்டிருந்தார். வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் அதைச் சொன்னதும் மனுஷர் எழுந்துவிட்டார்.

"நீங்களும் ஆரம்பிச்சிட்டியளா? அந்தச் சட்டையில என்ன குத்தம்? ஏர்போர்ட்ல வெச்சா வெள்ளக்காரன் வரிசையில நின்னு வாங்குவான். ஜைனுல் சொல்லச் சொன்னானா?"

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கும் கோபம் வரும். மேலேயிருந்து ஹபீபாவின் குரல் மட்டும் ஏணி வழியாக இறங்கி வந்தது. "சட்டைக்காக மவளப் பாக்காம இருந்துக்கிடுங்க. எனக்கு என்ன? நான் செம்பூர் போறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் போன் அடித்தது. "சார், வாங்க. ஜும்மாவுக்குப் போறதுக்கு முன்னால புது வீடியோவப் போட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா மடிச்சு முடிச்சிருக்கு. அணையல. ஜைனுலையும் வரச்சொல்லிட்டேன். அவன் பொண்டாட்டியையும்." ஜெயினுலை அவராக அழைத்தது இதுதான் முதல்முறை என்று ஹபீபா பின்னால் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். உறையைக் கழற்றவில்லை. ஆனால் பெட்டிக்குக் காற்றுவழி எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் ஜன்னல் ஜன்னலாக வெட்டி எடுத்திருந்தார். வெட்டிய ஓரங்களுக்குப் பைப்பிங் போடக்கூட நிற்கவில்லை. பிசிறு பிசிறாக இருந்தது. தன் வேலையைத் தானே குதறுவதற்கு அந்தக் கை எவ்வளவு தயங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. "உக்காருங்க" என்று நல்ல ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை என்பதால் தையல் மிஷின்கள் ஓய்ந்திருந்தன. ஹபீபா எல்லோருக்கும் சுலைமானி டீ கொடுத்தார். ஜெயினுல் வெள்ளைச் சட்டையோடு தோல் சுருள்களுக்கு நடுவில், எதன்மேலும் படாமல் ஒடுங்கி உட்கார்ந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பரீஹா அவர் தோளில் வளர்ந்த பெண். "எனக்கு முன்னால நீங்க பாத்திருப்பியளே மச்சான்?" என்றார். "இல்ல. எல்லாரும் வரட்டும்னு வெச்சிருக்கேன்" என்றார் உதுமான் பாய். அதைச் சொல்லும்போது கழுத்து ஒரு சாண் நீண்டது.

வீடியோ ஓடியது. பரீஹா நடந்தாள், திரும்பினாள், சிரித்தாள். எல்லாம் அந்தந்த நேரத்தில் நடந்தன. வாயும் குரலும் ஒன்றாக வந்தன. பால்கனியில் வைத்த கறிவேப்பிலைச் செடியைக் காட்டினாள். காற்றில் ஆடும் இலைகூட நொண்டவில்லை. "ஏ மச்சான், நம்ம டீவி மாதிரியே ஓடுதே!" என்றார் ஜெயினுல். "உங்க டீவிய விட" என்றார் உதுமான் பாய், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஹபீபா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியைத் தாண்டி, ஜெயினுலின் டீவி வந்ததிலிருந்து உதுமான் பாய் எந்த வாரமும் எட்டாத பகுதிக்கு வீடியோ வந்து சேர்ந்தது.

பரீஹா போனை எதிலோ சாய்த்துவைத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"சரி மாமா, வைக்கட்டா? உம்மாவ பஸ்ல அனுப்பாதிய, ஆட்டோ புடிச்சு ஏத்திவிடுங்க. மாமி, உங்க ரசப்பொடி தீந்துபோச்சு. வாப்பாட்ட நான் கேட்டேன்னு மட்டும் சொல்லுங்க. அவியளுக்கு இதெல்லாம் பாக்க எங்க நேரம் இருக்கு? வேலையாத்தான் இருப்பாவ." பிறகு கையை உயர்த்தினாள். "டாட்டா மாமா!"

ஹபீபா தம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஜெயினுலுடையது செம்பூரில் வாரா வாரம் அந்த டாட்டாவுக்குப் பதில் சொல்லிப் பழகிய கை. யோசிக்காமலே அதைத் தூக்கப்போனார்.

அந்தக் கை முழங்காலை விட்டு எழும்புவதற்குள் உதுமான் பாய் தன் கையைத் தூக்கித் திரையைப் பார்த்து ஆட்டினார். பரீஹா கையை இறக்கிய பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.